ஏற்காட்டில் டென்ட், கையில் ரோடு பைக்: வழி காட்டும் ஆப்களில் எதை எதற்கு நம்பலாம்?

காபி எஸ்டேட்டுக்குள் டென்ட் போட்டு இரண்டு மூன்று நாள் தங்க ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் ரோடு பைக்கையும் (தார் ரோட்டுக்கான மெல்லிய டயர் சைக்கிள்) காரில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கான மதிப்புரை இது. கூகுள் மேப்ஸ், ஸ்ட்ராவா, கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய ஐந்தையும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை மனதில் வைத்து எடைபோட்டிருக்கிறோம். 25 முதல் 32 மி.மீ. வரை டயர் போட்ட சைக்கிளில், தார் ரோட்டை விட்டு இறங்காமல் காலையில் கிளம்பி முகாமுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு எது உதவும் என்பதுதான் அளவுகோல். மவுன்டன் பைக் வைத்திருப்பவருக்குத் தீர்ப்பு வேறாக இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வழியை வரைய ரைட் வித் ஜிபிஎஸ்ஸின் இணையதளம். வரைந்ததைச் சரிபார்க்க ஸ்ட்ராவாவின் ஹீட்மேப், அதாவது அதிகம் பேர் போன ரோட்டைக் காட்டும் படம். ரோட்டில் போகும்போது பாக்கெட்டில் ஆர்கானிக் மேப்ஸ். கூகுள் மேப்ஸ் டீக்கடை, பெட்ரோல் பங்க், மருந்துக்கடை தேடுவதற்கு மட்டும். கோமூட் நல்ல ஆப்தான், ஆனால் இந்த மலைக்கு அது கட்டாயம் இல்லை. ஆப்கள் காட்டுகிற ஏற்றக் கணக்கை மட்டும் அப்படியே நம்பி கியரையும் நேரத்தையும் முடிவு செய்யக் கூடாது. ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறோம்.

மலையின் அமைப்பு தெரிந்தால்தான் ஆப் எங்கே சறுக்கும் என்பது புரியும். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது பிரதான ரோடு. அடிவாரத்திலிருந்து ஏரி வரை இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம், அதாவது சராசரி 5 சதவீதத்தை ஒட்டி. சீரான ஏற்றம், ரோடு பைக்குக்கென்றே போட்டது போல இருக்கும். இன்னொரு ரோடு கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்குகிறது. அது குறுகல், வளைவு குறைவு. வளைந்து வளைந்து உயரத்தைக் கரைக்காத ரோட்டில் செங்குத்தான துண்டுகள் கூடவே இருக்கும். மேலே ஏரியில் தொடங்கி ஏரியிலேயே முடியும் 32 கி.மீ. லூப் ரோடு ஒன்று உண்டு. இவை தவிர நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் போன்ற மலைக் கிராமங்களுக்குப் போகும் கிளை ரோடுகள், அவற்றுக்கு நடுவே எண்ணற்ற எஸ்டேட் பாதைகள். ஆப்களுக்குச் சிக்கல் வருவது இந்தக் கடைசி வகையில்தான்.

கூகுள் மேப்ஸை விரைவாக முடித்துவிடலாம். 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்று வந்த டூ-வீலர் வழி மோட்டார் சைக்கிளுக்கானது. கார் நுழையாத சந்துகளையும் குறுக்குப் பாதைகளையும் அது தயங்காமல் சேர்க்கும். சேலம் டவுனுக்குள் அது வசதி. மலையில் அதே குணம் கல் பாவிய பாதைக்குக் கொண்டுபோய் விடும். ஹீரோ, டிவிஎஸ் வண்டி ஏறிவிடும் இடத்தில் 25 மி.மீ. டயர் வெட்டுப்படும். டூ-வீலர் வழியில் ஏற்ற இறக்கக் கணக்கும் வராது. ஆனால் செயற்கைக்கோள் படம் அருமையான கருவி, பார்க்கத் தெரிந்தால்.

அதைப் பார்க்கும் விதம் இப்படி. ஏற்காட்டு மண் சிவப்பு. தார் போட்ட ரோடு சாம்பல் கோடாகவும், கிராமத்துக்குள் போட்ட சிமென்ட் ரோடு வெளிறிய கோடாகவும், மண் பாதை செம்பழுப்பாகவும் தெரியும். காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் ரோட்டை மூடிவிடும் என்பதால் எஸ்டேட்டுக்கு நடுவில் பார்த்துப் பயனில்லை. ரோடு ஊருக்குள் வெளிவரும் இடம், பள்ளிக்கூடம், கோயில் வாசல் போன்ற திறந்த இடங்களில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு ஊரிலும் சாம்பல் நிறம் என்றால் நடுவிலும் தார் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு முனையில் சாம்பல், மறுமுனையில் சிவப்பு என்றால் தார் எங்கோ மரத்தடியில் முடிகிறது என்று பொருள். அந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ராவாவில் இந்தப் பயணத்துக்கு வேண்டியது ஹீட்மேப்தான். கணக்குத் தொடங்கி உள்ளே போனால் பணம் கட்டாமலே பார்க்கலாம். வழி வரையும் வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும். பயனாளர்கள் பொதுவில் விட்ட பதிவுகளைத் திரட்டி, அதிகம் பேர் போன ரோட்டைப் பளிச்சென்று காட்டுவது ஹீட்மேப். இதை வாசிப்பதில் பலர் தவறுகிற இடங்கள் உண்டு.

ஓட்டம், நடை எல்லாம் கலந்த படத்தைப் பார்க்காமல் சைக்கிளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் பக்கம் நடக்கிறவர்களின் தடமும் சேர்ந்துகொள்ளும். அப்படித் தேர்ந்தாலும் மவுன்டன் பைக் தடங்கள் உள்ளே இருக்கும். அடிவாரம் ரோடு பிரகாசமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் சேலத்துக்காரர்கள் ஏறி, அதே வழியில் இறங்குவது. மேலே லூப் ரோட்டின் கோடு மங்கலாகத் தெரிந்தால் ரோடு மோசம் என்று முடிவு கட்டக் கூடாது, போனவர்கள் குறைவு என்பது மட்டும்தான் தெரிகிறது. பதிவு மிகக் குறைவாக உள்ள இடத்தில் ஸ்ட்ராவா கோடே காட்டாது. எனவே கோடு இருந்தால் அது சாட்சி. இல்லாவிட்டால் முடிவு சொல்ல முடியாது, வேறு வழியில் சரிபார்க்க வேண்டும்.

ஹீட்மேப்புக்குக் காலம் தெரியாது என்பது இன்னொரு குறை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து தடைபட்டது. ஓராண்டுப் பதிவைக் கூட்டிக் காட்டும் படத்தில் அதெல்லாம் தெரியாது. ரோடு மூடியிருந்தாலும் கோடு பளிச்சென்றுதான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் முகாம் நடத்துகிறவர் சொல்வதையும் கேட்காமல் எந்த ஆப்பையும் நம்பிக் கிளம்ப வேண்டாம். மே மாதக் கோடை விழா நாட்களில் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வருவதும் உண்டு. அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்வார்கள். அதையும் வழி போடும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோமூட்டும் ரைட் வித் ஜிபிஎஸ்ஸும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை நம்பி வழி போடுகின்றன. அங்கே ஒரு ரோட்டைப் பதிவு செய்யும்போது மேற்பரப்பு தாரா, சிமென்ட்டா, மண்ணா, சரளையா என்று குறிக்க இடம் உண்டு. மலைக் கிராமத்து ரோடுகள் பலவற்றைத் தொலைதூரத்தில் இருந்தபடி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்திருப்பார்கள்; மேற்பரப்பு குறிக்காமல் விட்டிருப்பார்கள். குறிப்பு இல்லாத ரோட்டைத் தார் ரோடு போலவே பாவித்து வழி போட்டுவிடுவது வழக்கம். கோமூட்டில் ரோடு சைக்கிள் என்று தேர்ந்தால் மண் என்று குறித்த பாதையைக் கறாராகத் தவிர்க்கும், குறிப்பில்லாததைத் தவிர்க்காது. வழிக்குக் கீழே மேற்பரப்பைப் பட்டையாகப் பிரித்துக் காட்டுகிறதே, அதில் ‘தெரியாது’ என்ற பங்கு எவ்வளவு என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அது பெரிதாக இருந்தால் அந்த வழி இன்னும் ஊகம்தான். மற்றவர்கள் பரிந்துரைத்த இடங்களைக் காட்டுவது கோமூட்டின் பெரிய பலம். ஐரோப்பிய மலைகளில் அது கைகொடுக்கும், சேர்வராயனில் அந்தச் செழிப்பு இல்லை. ஆஃப்லைனில் வேண்டுமென்றால் செலவும் ஆகலாம்.

ரைட் வித் ஜிபிஎஸ்ஸை முதலிடத்தில் வைக்கக் காரணம், இணையதளத்தில் வழி வரைவது இலவசம், கோட்டை இழுத்துத் திருத்துவது எளிது, வரைந்ததை வேறு ஆப்களிலும் திறக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். போனில் திருப்பத்துக்குத் திருப்பம் குரல் வழிகாட்டலுக்குத்தான் பணம். அது இங்கே தேவைப்படாது. லேப்டாப்பில் செய்யுங்கள். போன் திரையில் கொண்டை ஊசி வளைவைப் பிடித்து இழுப்பது கண்ணுக்கும் விரலுக்கும் கஷ்டம்.

வரையும்போது முகாம் குறியிலிருந்து தொடங்காதீர்கள். எஸ்டேட் முகாம்களின் குறி பெரும்பாலும் பங்களாவிலோ கேட்டிலோ இருக்கும், டென்ட் அதற்கும் உள்ளே. கடைசித் துண்டு கல்லும் மண்ணுமாக இருப்பது சகஜம். புக் செய்யும்போதே ‘தார் ரோட்டிலிருந்து டென்ட் வரை எவ்வளவு தூரம், கார் போகுமா, ஜீப்தானா?’ என்று கேளுங்கள். ஜீப்தான் என்று பதில் வந்தால் அவ்வளவு தூரமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் போட்ட ஷூவில் அது நடக்காது, சாதாரணச் செருப்பு ஒரு ஜோடி வேண்டும். வழியின் தொடக்கத்தைத் தார் தொடங்கும் இடத்தில் வையுங்கள்.

வட்ட வழியை எந்த ஆப்பும் நீங்கள் நினைக்கிறபடி தானாகப் போடாது. தொடக்கமும் முடிவும் ஏரி என்று கொடுத்தால் நகராமல் நிற்கும், எதிர்ப்புறப் புள்ளி ஒன்றைக் கொடுத்தால் போன வழியே திருப்பிக் கொண்டுவரும். இரண்டு புள்ளிக்கு நடுவே குறுகிய வழியைத் தேடுவதுதான் அதன் வேலை. லூப் ரோட்டுக்கு ஒவ்வொரு பிரிவு ரோட்டையும் தாண்டியபின் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளியைச் சந்திப்பின் மேலேயே வைத்தால் கோடு கிளைப் பாதைக்குள் பத்து மீட்டர் போய்த் திரும்பும் வால் ஒன்று முளைக்கும். ரோட்டில் அது ‘திரும்பு’ என்று தவறாகக் காட்டும். சந்திப்பைத் தாண்டி நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள். முடித்ததும் மொத்த தூரம் 32 கி.மீ.க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். 26 அல்லது 27 என்று வந்தால் கோடு எங்கோ எஸ்டேட்டுக்குள் குறுக்கே வெட்டியிருக்கிறது.

எஸ்டேட் பாதைகளில் தார் இருந்தாலும் அது தனியார் நிலம். கேட்டில் பூட்டு இருக்கும், வாட்ச்மேன் திருப்பி அனுப்புவார், அதில் அவர் மேல் குற்றமில்லை. வரைபடத்தில் பொது ரோடா எஸ்டேட் பாதையா என்று பிரித்துப் பார்க்க உள்ளூரில் நம்பகமான கேள்வி ஒன்று உண்டு: ‘அந்த ஊருக்கு பஸ் போகுதுங்களா?’ அரசு பஸ் போகிற ரோட்டில் தாரும் இருக்கும், கேட்டும் இருக்காது. ஏற்காட்டின் ஒண்டிக்கடை பகுதியில் டீ குடிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் அரை மணி நேரம் திரையைத் தேய்க்கும் வேலை மிச்சம்.

இனி ஏற்றக் கணக்கு. வழியை வரைந்ததும் கீழே உயரப் படம் வரும். அடிவாரம் ரோட்டின் படத்தைப் பெரிதாக்கினால் ரம்பத்தின் பல் போலக் குத்திட்டு நிற்கும் கூர்முனைகள் தெரியலாம். அதிகபட்ச ஏற்றம் 18 சதவீதம், 20 சதவீதம் என்று பயமுறுத்தலாம். சீரான அந்த ரோட்டில் பஸ் ஏறுகிறது, அப்படி ஒரு சுவர் அங்கே கிடையாது. தவறு எங்கே வருகிறது? உயரத் தரவு ரோட்டில் அளந்தது அல்ல. பரவலாகப் புழங்கும் தரவுகளில் ஒன்று 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரில் எடுத்த எஸ்.ஆர்.டி.எம்.; அதில் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயரம்தான். கொண்டை ஊசி வளைவில் மேல் ரோடும் கீழ் ரோடும் அந்த 30 மீட்டர் கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். போதாததற்கு ரேடார் மர உச்சியையும் ஓரளவு தரையாக எண்ணும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலைச்சரிவு 30 டிகிரி இருக்கும் இடத்தில் வரைபடக் கோடு பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளிப்போனால் உயரத்தில் ஏறக்குறைய 6 மீட்டர் பிழை. அந்தப் பிழை 50 மீட்டர் நீளத்தில் வந்தால், இல்லாத 12 சதவீத ஏற்றம் படத்தில் முளைக்கும். அடுத்த 50 மீட்டரில் இல்லாத இறக்கம். இப்படிப் பொய்யாக ஏறியதெல்லாம் மொத்த ஏற்றத்தில் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரே ரோட்டுக்கு ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு எண் சொல்கிறது. ஸ்ட்ராவா, காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் பாரோமீட்டர் உள்ள சைக்கிள் கணினிகளின் பதிவுகளைத் திரட்டித் தன் உயரத் தரவைத் திருத்துகிறது. ஆகவே கூட்டம் போகும் அடிவாரம் ரோட்டுக்கு அதன் எண்ணை நம்பலாம், ஆளில்லாத கிளை ரோட்டுக்கு அதே நம்பிக்கை வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. அதிகபட்ச ஏற்றம் என்ற எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உயரப் படத்தில் ஒவ்வொரு கிலோமீட்டராகத் தேர்ந்து, தொடக்க உயரத்துக்கும் முடிவு உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 10 ஆல் வகுங்கள். 60 மீட்டர் என்றால் 6 சதவீதம். லூப் ரோட்டில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதால் கிலோமீட்டர் சராசரி ஏமாற்றும். அங்கே அரைக் கிலோமீட்டராகப் பார்த்து 5 ஆல் வகுக்க வேண்டும்.

அந்த எண்ணிலிருந்து கியருக்கு வரலாம். செயின் ஓடும் முன் வளையத்தில் 34 பல், பின்னால் 32 பல், 28 மி.மீ. டயர் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 8 கி.மீ. சொச்சம். அடிவாரம் ஏற்றத்துக்கு இது தாராளம். குப்பனூர்ப் பக்கம் ஏறுவதாக இருந்தால் பின்னால் 34 பல் வைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. பின்னால் 28 பல்லுடன் வந்தால் லூப் ரோட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

மேலே முகாம் போட்டவருக்கு இன்னொரு கணக்கு தலைகீழாகிறது. சேலத்திலிருந்து வருகிறவர் விடியலில் ஏறி, வெயிலில் இறங்குகிறார். டென்ட்டிலிருந்து கிளம்புகிறவர் குளிரில் இறங்கி, வெயில் ஏறியபின் அடிவாரத்தில் நின்று மலையைப் பார்க்க வேண்டும். எந்த ஆப்பும் இதைச் சொல்லாது, அது போடும் வழி நேரத்தில் வெயிலுக்குக் கணக்கு இல்லை. மார்ச் முதல் மே வரை அடிவாரம் இறங்கி ஏறும் வழியை வைத்தால், காலை ஏழரை மணிக்குள் ஏற்றம் தொடங்கும்படி திருப்பிக் கணக்கிட்டுக் கிளம்புங்கள். இருட்டில் இறங்குவது சரியல்ல: பனிமூட்டம், ஈர இலை, ரோட்டில் நிற்கும் காட்டெருமை. விடிந்தபின் கிளம்பினால் வெயில், விடியுமுன் கிளம்பினால் இது. அதனால்தான் முகாம்வாசிக்கு முதல் தேர்வு லூப் ரோடு என்று அழுத்திச் சொல்கிறோம். ஏறி இறங்கும் பயணத்தை வடகிழக்குப் பருவமழை விட்டபின் வரும் ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிச் சுற்றி வர நினைத்தால், ஒருவழி நடைமுறை இல்லாத நாட்களில் அடிவாரம் வழியை இறக்கத்துக்கு வையுங்கள். அகலமான ரோடு, வளைவுகளுக்கு எண் போட்டிருக்கும், எத்தனை மிச்சம் என்று தெரிந்து இறங்கலாம். ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் ரிம் பிரேக்கில் ரிம் சூடேறும், டிஸ்க்கில் பேட் பளபளத்துப் பிடி குறையும். வளைவுக்கு முன் நிமிர்ந்தபடி அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, அடுத்த வளைவு வரை பேடை ஆறவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை, பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுக்கும். எதிர்ப்பக்கம் தெரியாத வளைவில் நடுக்கோட்டைத் தாண்டவே கூடாது.

வரைந்த கோப்பைப் போனில் ஆர்கானிக் மேப்ஸில் திறந்துகொள்ளுங்கள். கணக்கு வேண்டாம், விளம்பரம் இல்லை, வட்டாரத்தை ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமல் ஓடும். எஸ்டேட்டுகளுக்கு நடுவே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் இது அவசியம். இறக்கியது வேலை செய்கிறதா என்று சேலத்திலேயே ஏரோபிளேன் மோடில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒன்று மட்டும்: இதனிடம் புதிதாகச் சைக்கிள் வழி கேட்காதீர்கள். ரோடு பைக், மவுன்டன் பைக் என்ற பேதம் அதற்கு இல்லை, மண் பாதைக்கும் அனுப்பும். நீங்கள் வரைந்த கோட்டின் மேல் உங்கள் புள்ளி நகர்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே அது.

ரோடு பைக்குக்கான மெல்லிய பிரெஸ்டா வால்வு ட்யூப் மலைக் கடையில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். இரண்டு ட்யூப், ஒட்டும் பேட்ச், கைப் பம்ப், பெட்ரோல் பங்க் காற்றுக்கு ஒரு வால்வு அடாப்டர் கீழிருந்தே வர வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற இலவச ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். நிற்கிற ரோட்டின் மேற்பரப்பு என்ன என்று அது படத்தோடு கேட்கும். தார், சிமென்ட், மண் என்று தொட்டால் போதும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவாகிவிடும். லூப் ரோட்டில் டீக்கு நிற்கும் இடங்களில் இதைச் செய்தால், சில வாரங்களில் கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ் பட்டைகளில் அந்தத் துண்டுகள் ‘தெரியாது’ என்பதிலிருந்து தார் என்று மாறும்.